பத்தொன்பது டக்

தெருவில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். பூட்டுச் செய்கிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. போடுகிறவர். வாசல் கதவுக்கு இரண்டு, கடிதப் பெட்டிக்கு ஒன்று, மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு ஒன்று, சைக்கிளே இல்லாத சைக்கிள் கொட்டகைக்கு ஒன்று. சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். அவர் வருகிறார் என்று தெருமுனையிலேயே சாவி சொல்லிவிடும். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வசதி.

பிறவியிலேயே வந்த புத்தி என்று சொல்லிவிட முடியாது. முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவர். டிரைவர் லாரியை மேடையில் நிறுத்துவான், எடை கூட வேண்டும் என்று அச்சுக்குப் பக்கத்தில் கல்லைக் கட்டியிருப்பான். கல் கிடைக்காதவன் கிளீனரையே கட்டியிருப்பான். ஒவ்வொரு லாரிக்கும் அடியில் குனிந்து குனிந்து பார்த்ததில் முதுகு வளைந்தது. முதுகு வளைந்த பக்கமே புத்தியும் வளைந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. புத்தி நிமிரவில்லை.

உலகத்தில் சாட்சி கேட்காமல் அவர் நம்பியது ஒன்றே ஒன்றுதான், அவருடைய கார். இருபத்தாறு வயசு. வாங்கும்போது நீலம். இப்போது வெயில் தின்றது போக மிச்சம் இருந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. பெண்டாட்டி அதில் ஏறுவதற்கு முன் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பின்சீட்டில் வேறு யாரையும் ஏற்றுவதில்லை. "பின்னாடி உக்காந்தவன் என்ன பண்றான்னு யாரு பாக்கிறது?" என்பார்.

அந்தக் காருக்குத்தான் கண்டம் வந்தது. வாகனச் சோதனை நிலையத்தில் இரண்டு தடவை தோற்றுப் போனது. எஞ்சின் மேல்பக்கத்தில் தையல் மெஷின் ஓடுவது போல டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். நின்ற இடத்தில் காய்ச்சல்காரன் மாதிரி ஒரு நடுக்கம். மூன்றாவது தடவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதிலும் தோற்றால் நம்பர் பலகையை அங்கேயே கழற்றிக்கொள்வார்கள். வண்டி கிரேனில் ஏறி உடைக்கிற கடைக்குப் போய்விடும். சட்டம் அப்படி. கெஞ்சினாலும் நடக்காது, அழுதாலும் நடக்காது. தேதிக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

ஊரில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவர் வண்டியைத் தொட ஆள் இல்லை. ஒருத்தர் எஞ்சின் ஆயில் மாற்றினார். வடித்த பழைய ஆயிலை இவர் அளந்து பார்த்து, ஒரு டம்ளர் குறைகிறது என்று பஞ்சாயத்து வைத்தார். அடுத்தவரிடம் வண்டியை விடும் முன்பு நாலு டயரிலும் பேனாவால் கையெழுத்துப் போட்டு வைத்தார். மழையில் கையெழுத்து அழிந்துவிட, டயரை மாற்றிவிட்டான் என்று போலீஸ் வரைக்கும் போனார். அதற்குப் பிறகு தூரத்தில் டிக்டிக் என்று கேட்டாலே பட்டறைகளில் ஷட்டர் இறங்கிவிடும்.

மிச்சம் இருந்தது மச்சான் ஒருத்தன். பெண்டாட்டியின் தம்பி. ஊர்க்கோடியில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். கை தேர்ந்தவன் என்று நாலு பேர் சொல்வார்கள். நாலு பேர் சொன்னதாலேயே பூட்டுக்காரர் இதுவரை அங்கே போகவில்லை. இப்போது வேறு வழியில்லை.

முதல் நாள் சாயங்காலம் பூட்டுக்காரரின் வீட்டுக்கார அம்மா தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எப்படியாவது அதை ஓட வச்சிருடா. உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"உனக்கென்னக்கா திடீர்னு அந்தத் தகரத்து மேல பாசம்?"

"பாசமா? அது போயிட்டா இந்த மனுஷன் நாள் பூரா வீட்லயே இருப்பாருடா. போன வாரம் ரெண்டு நாள் வண்டிய எடுக்கல. என் உப்பு ஜாடிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்துட்டாரு."

"காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லு" என்றான் தம்பி.

எட்டு மணிக்குப் பட்டறையில் வண்டி நின்றது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்கத்தான். டேப்பட் சத்தம்தான் இது. கேம் ஷாஃப்ட்டைக் கழட்டிப் பாக்கணும். ஒரே ஒரு கண்டிஷன். நான் கழட்டி வைக்கிறதை நீங்க தொடக் கூடாது. எல்லாம் வரிசைப்படி இருக்கணும். தொட்டீங்கன்னா அங்கேயே ஸ்பேனரைக் கீழ வச்சிருவேன். நாளைக்குக் கிரேன்லதான் போகும் உங்க வண்டி."

"எழுது" என்றார் பூட்டுக்காரர்.

"எதை?"

"இப்ப சொன்னதை. வாயால சொல்றவன் நாளைக்கு வேற சொல்லுவான்."

மச்சான் சாக்பீஸ் எடுத்தான். தூணை ஒட்டிய சுவரில், நெஞ்சு உயரத்தில் எழுதினான். 'அத்தான் வண்டியிலிருந்து கழற்றிய எதையும் அத்தான் தொடக்கூடாது. தொட்டால் வேலை நிற்கும்.' அத்தான் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மச்சானும் போட்டான். வீட்டுக்கார அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டாள்.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. பூட்டுக்காரர் உட்கார்ந்தார். கோர்ட்டில் நீதிபதி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மச்சான் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரைத் தூக்கினான். உள்ளே எண்ணெயில் குளித்துக்கொண்டு கேம் ஷாஃப்ட் படுத்திருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம். முட்டை வடிவில் எட்டுப் புடைப்பு. தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் தனக்குக் கீழே இருக்கிற இரும்புக் கிண்ணத்தை அமுக்கும். கிண்ணம் வால்வை அமுக்கும், வால்வு திறக்கும். புடைப்பு நகர்ந்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் புடைப்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் தட்டும். குறைந்தால் வால்வு சரியாக மூடாது, கருகிப் போகும். அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு கிண்ணத்துக்கு அடியிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சில்லு. ஷிம் என்பார்கள். எட்டும் எட்டுத் தடிமன். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் போச்சு.

மச்சான் விசிறி மாதிரி விரிகிற மெல்லிய தகடுக் கட்டை எடுத்து ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தான்.

"அது என்னது?"

"ஃபீலர் கேஜ். இடைவெளி பாக்கிறது."

"அது சரியான அளவுன்னு யாரு சொன்னா? நீ தேய்ச்சு வச்சிருந்தா?"

"தேய்ச்சு நான் என்னத்தான் பண்ணப் போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மூன்று இடத்தில் இடைவெளி கூடியிருந்தது. ஒரு இடத்தில் தகடே நுழையவில்லை. மச்சான் அட்டையில் குறித்துக்கொண்டான். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் வெள்ளைக் குறி வைத்து பெல்ட்டை இறக்கினான். பிறகு தண்டைப் பிடித்திருக்கிற ஐந்து மூடிகள். மூடிக்கு இரண்டு போல்ட். பத்தையும் இங்கே கால் திருப்பு, அங்கே கால் திருப்பு என்று சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். ஒரே பக்கமாக அவிழ்த்தால் கீழே இருக்கிற ஸ்பிரிங் தள்ளித் தண்டு முறிந்து போகும்.

"பத்து போல்ட்டுக்கு இவ்வளவு நேரமா? எங்க எடைமேடைக்கு வர்ற பசங்க இந்நேரத்துக்கு ஒரு லாரியவே பிரிச்சிருப்பாங்க."

"அந்த லாரியெல்லாம்தான் அத்தான் ரோட்டோரமா நிக்குது."

தண்டு வெளியே வந்தது. எட்டுக் கிண்ணத்தையும் காந்தத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அதனதன் சில்லோடு, ஒரு முட்டை அட்டையில் வைத்தான். குழிகளில் பென்சிலால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டிருந்தது. மேலே ஒரு துணியைப் போர்த்தி மேசையில் வைத்தான். சில்லுகளின் தடிமனை அளந்து, எது எங்கே போக வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று கணக்குப் பண்ணி நாலு சில்லை மாற்றும்போது பூட்டுக்காரர் இமைக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு வீட்டுக்கார அம்மா பிளாஸ்கில் டீ கொண்டு வந்தாள். டீயைக் குடித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வயசானவனுக்குப் பூட்டுப் போட முடியாத இடம் ஒன்று உண்டு. பூட்டுக்காரர் நெளிந்தார், காலை மாற்றிப் போட்டார், கடைசியில் எழுந்தார்.

"ஏய், நான் வர்ற வரைக்கும் கண் கொட்டாம பாத்துக்க."

"யாரை? என் தம்பியையா?"

"உன் தம்பியத்தான்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கேம் ஷாஃப்ட் இல்லாத காரை எவன் ஓட்டிக்கொண்டு போவான் என்று கேட்காதீர்கள். அவர் போனார், வந்தார். முட்டை அட்டை அதே இடத்தில் துணி போர்த்தி இருந்தது. பெண்டாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் ஒரு மணிக்கு அவள் சாப்பாட்டு அடுக்கோடு மறுபடி வந்தாள். மச்சான் கையைக் கழுவினான்.

"வாங்கத்தான், சாப்பிடலாம்."

"நீ சாப்பிடு. நான் அப்புறம்."

"எதையும் தொட மாட்டீங்களே?"

"சுவத்துல எழுதியிருக்குல்ல? எனக்குப் படிக்கத் தெரியும்."

அக்காவும் தம்பியும் பின்னறைக்குப் போனார்கள். தட்டுச் சத்தம் கேட்கிற வரைக்கும் பூட்டுக்காரர் காத்திருந்தார். பிறகு சட்டைப்பையில் கை விட்டார். வெளியே வந்தது பெண்டாட்டியின் நெயில் பாலிஷ். ரத்தச் சிவப்பு. காலையிலேயே கண்ணாடி மேசையிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.

அவர் கணக்கு நேரானது. பட்டறைக்குப் பின்னால் இதே மாதிரி எஞ்சின் உள்ள வண்டி மூன்று நிற்கிறது. என்னுடைய கிண்ணங்கள் நல்ல காலத்து இரும்பு. அதை எடுத்து எவனுக்கோ போட்டுவிட்டு, எவனோடதையோ எனக்குப் போட்டால் யாருக்குத் தெரியும்? பேனாக் கையெழுத்து மழையில் போகும். நெயில் பாலிஷ் ஆயிலிலும் போகாது.

கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார். துணி வைத்துப் பிடித்தால் தொட்டதாகாது என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் சொன்னான். ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கி, உள்பக்க விளிம்பில் ஒரு பொட்டு. ஊதிக் காய வைத்து, அதே எண் குழியில் திருப்பி வைத்தார். வரிசை மாறாமல்தான் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது கிண்ணம் கைக்குட்டையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. உருண்டு போய் அவருடைய நாற்காலிக் காலில் முட்டி நின்றது. குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், காலால் இழுத்து, கால்விரலால் கவ்வி எடுத்தார்.

எட்டும் முடிந்தது. துணியைப் போர்த்தினார். உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தார், கட்டை விரல் சிவப்பாக இருந்தது. பின்னறைக் கதவு திறந்தது.

"என்னத்தான், கட்டை விரலை மடக்கி வச்சிருக்கீங்க?"

"சுளுக்கு."

"உக்காந்த இடத்துலயா?"

"எனக்கு அங்கதான் வரும். உனக்கென்ன?"

எழுந்து பின்னால் குழாயடிக்குப் போனார். மண்ணைப் போட்டுத் தேய்த்தார், செங்கல்லில் உரசினார். விரல் வெளுத்ததும் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முட்டை அட்டை மேசை மேல் இருந்தது. மச்சான் துணியை எடுத்து முதல் கிண்ணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

பூட்டுக்காரர் நாற்காலியோடு ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். மச்சான் கிண்ணத்தை விளக்கு வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தான். உள்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு இல்லை.

சரி, ஒன்று அழிந்திருக்கும். இரண்டாவது. இல்லை. மூன்றாவது. இல்லை. நான்காவது வரும்போது அவர் நெஞ்சு டிக்டிக் என்று அடித்தது, கார் எஞ்சின் தோற்றது.

மாத்திட்டான். படுபாவி, சாப்பிட்ட கை காயும் முன்னே மாத்திட்டான். எவன் வண்டியின் தேய்ந்த கிண்ணமோ உள்ளே போகிறது. நாளைக்கு சோதனை நிலையத்தில் மறுபடி தட்டும், நடுங்கும், கிரேன் வரும். சொல்லலாம் என்றால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பான். தொட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வேலை நிற்கும், அப்போதும் கிரேன்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"மச்சான்."

"சொல்லுங்கத்தான்."

"அந்தக் கிண்ணத்துக்கு உள்பக்கம் நல்லாத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

"துடைக்கும்போது ஒண்ணும் பாக்கலையா?"

"என்ன இருக்கணும்?"

"இருக்கணும்னு இல்ல. சும்மா. சில கிண்ணத்துல கறை கிறை இருக்கும்."

"என்ன கலர் கறை, அத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? நான் மெக்கானிக்கா?"

ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. மச்சான் வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் அவர் மூக்குக்கு நேராகத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே இறக்கினான். பிறகு கேம் ஷாஃப்ட்டைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மேலே வைத்தான். மூடி ஐந்தையும் எண் பார்த்து உட்கார வைத்து, போல்ட்டைக் கையால் திருகினான். ஸ்பேனரை எடுத்தான்.

பூட்டுக்காரருக்குள் இருந்த வக்கீல் ஓடிப் போய்விட்டான்.

"நிறுத்துடா! எங்கடா சிவப்பு?"



"என்ன சிவப்பு அத்தான்?" மச்சான் குரலில் தேன் ஒழுகியது.

"எட்டுலயும் பொட்டு வச்சேன்டா, என் கையால! ஒண்ணுல கூட இல்ல. கூடப் பொறந்தவ புருஷன்னு கூடப் பாக்காம மாத்திட்டியேடா!"

பின்னால் சாப்பாட்டு அடுக்கு டங்கென்று கீழே வைக்கப்பட்டது. "காலைல இருந்து என் நெயில் பாலிஷைத் தேடித் தேடி, வேலைக்காரிய வேற திட்டிட்டேன்" என்றாள் வீட்டுக்கார அம்மா. "அது உங்ககிட்டயா இருக்கு?"

மச்சான் மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு முட்டை அட்டையை இழுத்து வெளியே வைத்தான். எட்டுக் கிண்ணம், எட்டுச் சிவப்புப் பொட்டு.

"இது போன வருஷம் உடைச்ச ஒரு வேனோடது. நீங்க ஒதுங்கப் போனப்ப மேசையில வச்சேன். உங்க வண்டியோடது பதினொரு மணியில இருந்து உங்க நாற்காலிக்கு அடியிலதான் இருந்துச்சு. நீங்க கை கழுவப் போனப்பதான் எடுத்தேன்."

பூட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி நாற்காலிக்கு அடியில் பார்த்தார். தரையில் சதுரமாக எண்ணெய் வாங்கியிருந்தது. முப்பத்தொரு வருஷம் எவ்வளவு லாரிக்கு அடியில் குனிந்திருப்பார்! பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"நீயும் கூட்டா?"

"கண் கொட்டாமத்தானே பாக்கச் சொன்னீங்க. பாத்தேன்."

மச்சான் ஸ்பேனரை மேசையில் வைத்தான். சுவரைக் காட்டினான். "கிரேனுக்கு நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

விளையாட்டுக்குச் சொன்னானா, மெய்யாகச் சொன்னானா என்று முகத்தில் தெரியவில்லை. மணி நாலு. எஞ்சின் தலை திறந்து கிடந்தது. பூட்டுக்காரர் காரைப் பார்த்தார். மூடி தூக்கி நின்ற வண்டி, வாயைத் திறந்துகொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்த கிழவன் மாதிரி இருந்தது. இந்த வண்டிக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவருக்குத்தான் யார் இருக்கிறார்கள்?

பழக்கதோஷம், கண் சுவருக்குப் போனது. எழுத்து என்று எங்கே இருந்தாலும் அவர் இன்னொரு தடவை படிப்பார். படித்தார். மறுபடி படித்தார். வளைந்த முதுகு நிமிர்ந்தது.

"மச்சான், அதைக் கொஞ்சம் சத்தமாப் படி."

"நீங்களே படிங்க."

"'அத்தான் வண்டியிலிருந்து கழற்றிய எதையும்.' நல்லாக் கேட்டுக்க. அத்தான் வண்டியிலிருந்து! நான் பொட்டு வச்சது எந்த வண்டியோடது?"

மச்சான் மேசை மேல் இருந்த சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தான்.

"சொல்லுடா, எந்த வண்டி?"

"வேன்."

"வேன் என்னோடதா?"

"இல்ல."

"அப்ப நான் எதைத் தொட்டேன்? என் வண்டியில கழட்டினது என் நாற்காலிக்கு அடியில இருந்துச்சு. அது இருக்கிறதே எனக்குத் தெரியாது. தெரியாததை எவன் தொடுவான்? கையெழுத்து என்னோடதும் இருக்கு, உன்னோடதும் இருக்கு. எடுடா ஸ்பேனரை!"

"அத்தான், இது அநியாயம். நீங்க உங்களோடதுன்னு நெனச்சுத்தானே தொட்டீங்க?"

"நெனக்கக் கூடாதுன்னு சுவத்துல எங்க எழுதியிருக்கு?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள்தான் சாட்சி. அவள் சுவரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், உப்பு ஜாடியை நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

"தம்பி, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் பேசினதுல இது ஒண்ணுதான் நியாயம். ஆரம்பிச்ச வேலையை முடி" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆனா உங்களுக்கும் தண்டனை உண்டு. வேலை முடியிற வரைக்கும் அந்தச் சுவத்தைப் பாத்து உக்காருங்க. திரும்பவும் கூடாது, பேசவும் கூடாது. வாயத் தொறந்தா நானே கிரேனைக் கூப்பிடுவேன். பாட்டிலைக் குடுங்க இங்க."

"அதை என்கிட்ட குடுக்கா" என்றான் மச்சான். "போல்ட்டுக்குக் கோடு போட பெயிண்ட் தீர்ந்து போச்சு. முழுசா இறுக்கின போல்ட்டுக்கும் மூடிக்கும் சேத்து ஒரு கோடு இழுத்துட்டா, பின்னாடி லூசானா கோடு விலகிக் காட்டிக் குடுத்துரும். இதுவும் சந்தேகம்தான் அத்தான். உங்கள மாதிரி இல்ல, பிரயோசனமான சந்தேகம்."

பூட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. நாற்காலியைச் சுவருக்குத் திருப்பி, சாக்பீஸ் எழுத்தை மூக்கு தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தார். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியது. கண்ணை எடுத்துவிட்டார்கள், காது இருந்தது. மச்சான் டார்க் ரெஞ்சால் போல்ட்டை இறுக்கினான். சொன்ன அளவுக்கு இறுகியதும் அந்த ரெஞ்ச் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும். நடுவிலிருந்து வெளியே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. முதல் சுற்று இளக்கமாகப் பத்து. அளவை ஏற்றி, இரண்டாம் சுற்று முழு இறுக்கமாகப் பத்து. ஆக மொத்தம் இருபது டக் வர வேண்டும்.

பூட்டுக்காரர் விரல் மடக்கி எண்ணினார். பத்தொன்பது.

வாயைத் திறந்தார். பின்னால் பெண்டாட்டி தொண்டையைக் கனைத்தாள். வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு டக் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

மச்சான் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எட்டு இடைவெளியையும் திரும்ப அளந்தான். பெல்ட், குறிக்கு நேர் குறி. கவர். அத்தானிடம் சாவியை வாங்கித் திருப்பினான்.

"ஓடலையா?" என்று கேட்டாள் அக்கா.

"ஓடிக்கிட்டுத்தான்கா இருக்கு. கை வச்சுப் பாரு."

மறுநாள் காலை ஒன்பது மணி. சோதனை நிலையத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். மச்சானைப் பின்சீட்டில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. வழி நெடுக அவர் கண்ணாடியில் அவனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

சோதனை அதிகாரி ஒல்லியான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி. போன இரண்டு தடவையும் தோற்கடித்தவர். எஞ்சின் பக்கம் காதை வைத்தார். புருவம் ஏறியது.

"போன வாரம் தட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப சத்தமே இல்ல. எப்படி?"

"வேலை பாத்தோம் சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வீங்க. கொழகொழன்னு கனமான ஆயிலை ஊத்திச் சத்தத்தை அமுக்கிக் கொண்டாருவீங்க. உங்கள மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நான்!"

பூட்டுக்காரருக்கு அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எடைமேடையில் தினமும் கேட்ட குரல்தான். அவருடையது.

"நம்புங்க சார்" என்றார். ஆயுசில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயில் வந்தது, நாக்கில் ஒட்டவில்லை. பெண்டாட்டியும் மச்சானும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதிகாரி நம்பவில்லை. ஆயில் அளவுக் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்தார். ஆயில் சரியான ஆயில்தான். அப்போதும் நம்பவில்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பூட்டுக்காரர் மூச்சை நிறுத்தினார். வெளியே கிரேன் ஒன்று வேறு எவனுடைய வண்டியையோ தூக்கிக்கொண்டிருந்தது.

"உள்ள போல்ட்டு மேல செவப்பா ஒரு கோடு தெரியுதே. என்ன பெயிண்ட்டு இது?"

"பெயிண்ட் இல்ல சார். நெயில் பாலிஷ்."

"யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

அதிகாரி தலையைத் தூக்கி அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு மச்சானின் கை நகத்து அழுக்கைப் பார்த்தார். "இறுக்கின போல்ட்டுக்குக் கோடு போடுறவன் இந்த ஊர்ல இருக்கானா?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமில்லை. தாளில் முத்திரை விழுந்தது. ஒரு வருஷத்துக்கு வண்டி வண்டிதான்.

திரும்பும்போது பூட்டுக்காரர் ஓட்டினார். பக்கத்தில் பெண்டாட்டி, பின்னால் மச்சான். எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடியது.

"நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றார் பூட்டுக்காரர். அந்தச் சொல்லைக் கழற்ற எவ்வளவு பாடுபட்டார் என்று கழுத்து நரம்பில் தெரிந்தது.

"அப்பாடா!" என்றாள் பெண்டாட்டி. "எனக்குப் புது நெயில் பாலிஷ் வாங்கிக் குடுங்க."

"வாங்கலாம். மச்சான், போல்ட்டு மொத்தம் எத்தனை?"

"பத்து, அத்தான்."

"ஒவ்வொண்ணுக்கும் எத்தனை டக்?"

"ரெண்டு."

"அப்ப இருபது. நான் கேட்டது பத்தொன்பது."

மச்சான் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். "ராத்திரியெல்லாம் இதைத்தான் மென்னுக்கிட்டு இருந்தீங்களா? நீங்க தும்முனீங்கத்தான். அந்தச் சத்தத்துல ஒரு டக் அமுங்கிப் போச்சு."

பூட்டுக்காரர் யோசித்தார். சாக்பீஸ் தூள். மூக்கு. இருக்கலாம். முள் இறங்குகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒருத்தன் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"ஏய், நான் தும்முனேனா?"

"தும்முனீங்க. ரெண்டு தடவை" என்றாள் பெண்டாட்டி, ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு தடவையா?"

ஸ்டியரிங்கின் மேல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"பத்தொன்பதும் ரெண்டும் இருபத்தொண்ணு." கண்ணாடியில் மச்சானைப் பார்த்தார். "டேய், எந்த போல்ட்டை மூணு தடவை இறுக்கின?"

"அய்யோ அத்தான்!"

"ஏங்க, வீடு அந்தப் பக்கம்!"

பூட்டுக்காரர் பட்டறைப் பக்கம் திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போட்டார். எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லாததால் அது டிக்டிக்டிக் என்று அடிப்பது மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது.